எட்டு இல்லாத நோட்டு

பதினொரு வருஷமாக அளக்கிறவள் நான். கையெழுத்துப் போடுகிறவன் டெரிக். இது எந்த ஊர் நியாயம் என்று யாராவது சொல்லுங்கள்.

பினாங்கு ஜெலுத்தோங்கில் ஒரு மோட்டார் பட்டறைக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் லேப். தொழிற்சாலைகளின் அளவுகருவிகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுப்பது எங்கள் வேலை. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். உள்ளே ஏர்கான் இருபது டிகிரி, நான் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருப்பேன். சான்றிதழில் அளவை மட்டும் எழுதினால் போதாது. அது எவ்வளவு முன்னே பின்னே இருக்கலாம் என்றும் எழுத வேண்டும். சான்றிதழில் கையெழுத்துப் போடும் உரிமைக்கு ஒரு தேர்வு உண்டு; அந்த முன்னே பின்னேயில்தான் நான் இரண்டு தடவை அதில் தவறினேன். டெரிக்குக்கு மைக்ரோமீட்டர் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே நான்தான். அவன் முதல் தடவையே தேறிவிட்டான். அன்றிலிருந்து நான் அளந்து முடித்ததும் அவன் வந்து, "அக்கா, எங்க சைன் பண்ணணும்?" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மூன்றாவது தடவையும் கோட்டை விட்டால் இனி என் பெயரைக் கொடுக்க மாட்டேன் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

தேர்வு வைக்க வந்தவர் புவான் நோர்மா என்ற மலாய்க்கார அம்மாள். முதல் நாள் ஓர் எஃகு உருளையைக் கொடுத்து, அதன் கன அளவைச் சொல்லச் சொன்னார். உண்மையான அளவு ஓர் உறைக்குள் வைத்து ஒட்டப்பட்டு அவர் கைப்பையில் இருந்தது. நான் சொல்லும் எல்லைக்குள் அந்த எண் விழுந்தால் தேர்ச்சி, விழாவிட்டால் டெரிக்கின் கையெழுத்துதான் எனக்குக் கதி. அன்று முழுக்க உருளையின் விட்டத்தையும் உயரத்தையும் திரும்பத் திரும்ப அளந்தேன்.

மறுநாள் காலையில் கணக்குப் போட லேப்டாப்பைத் திறந்தேன். புவான் நோர்மா அதை மெதுவாக மூடினார்.

"பட்டனை யார் வேணும்னாலும் தட்டலாம். அது உள்ளே என்ன செய்யுதுன்னு தெரியுமா?" என்று மலாயில் கேட்டார். "கையாலயே ஐம்பது தடவை செஞ்சு காட்டுங்க. குலுக்கல் எண்ணை எங்கேயிருந்து வேணும்னாலும் எடுத்துக்குங்க."

விஷயம் இவ்வளவுதான். என் அளவு கொஞ்சம் கூட இருக்கலாம், கொஞ்சம் குறைய இருக்கலாம். எவ்வளவு என்று தெரியாததால் சீட்டுப் போட்டுப் பார்க்கிறோம். நாலு இலக்க எண் ஒன்றை எடுக்க வேண்டும். 0000 என்றால் நான் அளந்ததிலேயே மிகச் சிறிய அளவு, 9999 என்றால் மிகப் பெரிய அளவு, 5000 என்றால் நடுவில். விட்டத்துக்கு ஓர் எண், உயரத்துக்கு ஓர் எண், அதை வைத்து ஒரு கன அளவு. இப்படி ஐம்பது தடவை செய்தால் விடைகள் எவ்வளவு தூரம் சிதறுகின்றனவோ, அதுதான் முன்னே பின்னே.

நாலு இலக்கக் குலுக்கல் எண்ணுக்குப் பினாங்கில் பஞ்சமா? எங்கள் வேன் ஓட்டுகிற நல்லமுத்து அண்ணன், நாலு இலக்க லாட்டரியில் வாரம் மூன்று நாள் முதல் பரிசு விழுகிற நம்பரை இருபது வருஷமாக ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். அவருக்கு இதுவரை ஒன்றும் அடித்ததில்லை. ஆனாலும் எழுதுவார்.

"அண்ணே, அந்த நோட்டக் கொஞ்சம் குடுங்க."

"எந்த நம்பர் எடுக்கப் போறேன்னு சொல்லிட்டு எடுலா, நானும் போடுறேன்."

சூதாட்ட நோட்டைத் தொடமாட்டேன் என்று புவான் நோர்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஆனால் குலுக்கல் குலுக்கல்தான் என்று ஒத்துக்கொண்டார். நான் நூறு நம்பரை வரிசையாக எடுத்து, கால்குலேட்டர் தேயத் தேயத் தட்டி, மத்தியானத்துக்குள் முடித்தேன். எல்லை குறுகலாக, அழகாக வந்தது. அப்படியே நீட்டியிருக்கலாம். என் வாயும் கையும் சும்மா இருந்தால்தானே. கெட்டிக்காரத்தனம் காட்ட, எந்த இலக்கத்தில் தொடங்கும் நம்பர் எத்தனை வந்தது என்று பத்து வரிசை போட்டுக் கோடு கிழித்தேன்.

எட்டு வரிசையில் ஒரு கோடுகூட இல்லை. நூறு நம்பரையும் மறுபடி பார்த்தேன். முன்னால், நடுவில், கடைசியில், எங்குமே எட்டு இல்லை.

'ஒரு நிமிஷம்' என்று சொல்லிவிட்டு மாடிப்படியில் இறங்கி ஓடினேன். அண்ணன் வேனில் சாய்ந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"எட்டெல்லாம் எங்கண்ணே போச்சு?"

"எட்டு நமக்கு ஆகாதுமா. கீழ பட்டறை மொதலாளி, அந்தச் சீனத் தௌக்கே, எட்டுன்னா உயிர விடுவாரு, அது அவங்களுக்கு ராசி. நான் எட்டு வந்தா எழுத மாட்டேன்."

"இருபது வருஷமா?"

"ஒன்னு கூட எழுதுனதில்ல." பெருமையாகத்தான் சொன்னார்.

எனக்கு வந்த கோபத்தில் பட்டறையில் சுத்தியல் சத்தமே நின்றுவிட்டது. "பிடிக்காதத விட்டுட்டு பிடிச்சத மட்டும் எழுதுறதுக்குப் பேரு நோட்டா? என் பொழப்பையே கெடுத்துட்டீங்களே" என்று கத்தினேன்.

அண்ணன் தேத்தண்ணீர்க் கிளாஸை வேன் மேல் வைத்தார். "நேத்து உருளைய எத்தன தடவ அளந்தே?"

"பத்து."

"பதினொன்னு. லேப் கண்ணாடிக் கதவுக்கு வெளிய நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். ஒன்ன மட்டும் மூதேவின்னு திட்டி, கிழிச்சிக் குப்பைல போட்டே."

உண்மைதான். அந்த ஒரு விட்டம் மற்ற பத்தோடு ஒட்டாமல் தள்ளி நின்றது. கை நடுங்கியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போன இரண்டு தேர்விலும் இதே மாதிரி ஒன்றிரண்டைக் கிழித்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது.

குப்பைத் தொட்டியைக் கவிழ்த்து அந்தத் தாளைக் கண்டுபிடித்தேன். பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டு புவான் நோர்மா முன்னால் வைத்து, நோட்டின் கதையையும் தாளின் கதையையும் சொன்னேன். அவர் லேப்டாப்பைத் திறந்துகொடுத்தார். பதினொரு அளவோடு, பத்தாயிரம் குலுக்கலோடு கணக்கு ஓடியது. எல்லை ஒன்றரை மடங்கு அகன்றது. பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது.

அவர் உறையைப் பிரித்தார். உண்மையான அளவு என் பழைய எல்லைக்கு ஒரு மயிரிழை வெளியே இருந்தது. புதிய எல்லைக்குள் இருந்தது.

"அந்த ஓட்டுநர் பேர் என்ன?" என்று மட்டும் கேட்டுவிட்டு, என் தாளில் தேர்ச்சி என்று எழுதினார்.

மறுநாள் என் பெயரில் போகப்போகும் முதல் சான்றிதழுக்கு அளக்க உட்கார்ந்தேன். ஆறாவது அளவு கோணலாக வந்தது. மூதேவி என்று வாய் வரை வந்துவிட்டது. நிமிர்ந்தால், கண்ணாடிக்கு வெளியே நல்லமுத்து அண்ணன் என் பேனாவையே பார்த்துக்கொண்டு நிற்கிறார், கக்கத்தில் நோட்டு.

எழுதினேன்.