ஆளுக தப்பிச்சாகளா?

அக்காள்மடத்து ஜோஸ்லினுக்கு ரோமானியர்களின் பழைய வரலாற்றை அவர்கள் எழுதிய லத்தீனிலேயே படித்துவிட வேண்டும் என்று ஆசை. கல்லூரியில் வரலாறு படிக்கும்போது பிடித்த ஆசை அது. இணைய வகுப்பில் சேர்ந்து ஒரு வருடமாகச் சொற்களை உருப்போட்டாள். அப்படியும் வாக்கியத்துக்கு வாக்கியம் அகராதியைப் புரட்ட வேண்டியிருந்தது. இது நமக்கு வராது என்று அலுத்துப்போயிருந்தாள்.

அன்று சாயங்காலம் அம்மா ரெஜினா வாசலில் மீன் அரிந்துகொண்டிருந்தாள். ஜோஸ்லின் லத்தீன் புத்தகத்தோடு பக்கத்தில் உட்கார்ந்து, பாடத்தில் வந்த கடற்படைக் கதையைச் சொன்னாள். “வெந்துஸ்னா காத்து, லீத்துஸ்னா கரை. புயக்காத்து ரோமாபுரிக் கப்பலையெல்லாம் கரையில கொண்டாந்து மோதிருச்சும்மா.”

ரெஜினாவின் கை நின்றுவிட்டது. ஜோஸ்லினின் அப்பாவும் அண்ணனும் கடலுக்குப் போகிறவர்கள்.

“ஆளுக தப்பிச்சாகளாடி?”

அன்றைய பாடம் அதோடு முடிந்திருந்தது. அடுத்த பக்கத்தை ஜோஸ்லின் அதுவரை பார்த்ததே இல்லை. அம்மாவின் முகத்தைக் கண்டதும் அவசரமாகப் புரட்டி வாசித்தாள். “கப்பலு போச்சு. ஆனா ஆளுக நீந்திக் கரையேறிட்டாக. முக்காவாசிப் பேரு பொழச்சுட்டாகம்மா!”

“மாதாவே, நல்லவேள!” என்று ரெஜினா மூச்சுவிட்டாள்.

அப்போதுதான் ஜோஸ்லினுக்கு உறைத்தது. அகராதி வீட்டுக்குள் கிடந்தது.

“அம்மா, நானாவே படிச்சுட்டேன்!” என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

“பின்ன யாரு படிச்சா? உக்காந்து மிச்சத்தையும் சொல்லு” என்றாள் ரெஜினா.

வெளிச்சம் மங்கும்வரை ஜோஸ்லின் நிறுத்தவே இல்லை.