கெர்ஷோனுக்குப் பிடித்த ஒயின்

கெர்ஷோன் யூதர்கள் நிறைந்த பிளாட்புஷ் பகுதியில் முப்பது வருடமாகப் பூட்டு ரிப்பேர் செய்பவர். ஆனால் அக்கம்பக்கத்தில் அவர் பேர் அடிபட்டது ஒயினால்தான். பஸ்கா பண்டிகை இரவில் யூத வழக்கப்படி குடிக்க வேண்டிய நான்கு கிண்ணத்துக்கும் நான்கு வெவ்வேறு ஒயின் தேடிப் பிடித்து வைப்பார். மற்றவர்கள் வாங்கும் இனிப்பு ஒயினுக்கு அவர் வைத்த பேர் இருமல் மருந்து.

இந்த வருடம் கடைக்கு அவர் மனைவி பெய்லா தனியாகப் போனாள். 'எங்கேம்மா உங்க வீட்டுக்காரர்? என்கிட்ட சண்டை போடாம அவருக்குப் பண்டிகையே வராதே!' என்றார் கடைக்காரர் ஆன்ஷெல்.

'நாக்குக்கு அடியில கட்டி. ஏழு வாரம் கரண்ட் வச்சாங்க. முடிஞ்சு மூணு மாசமாகுது. ஒயின் வாயில பட்டாலே எரியுதுங்கறார்.'

ஆன்ஷெல் உள்ளே போய் நான்கு புட்டி எடுத்து வந்தார். 'நாலும் கோஷர், நம்ம விதிப்படி செஞ்சது, பஸ்காவுக்கும் ஆகும். காரம் கம்மி. எது இறங்குதுன்னு பாருங்க.'

வீட்டில் பெய்லா ஒவ்வொன்றிலும் ஒரு வாய் ஊற்றிக் கொடுத்தாள்.

'இது?'

'பஸ்ல கம்பிய நக்கின மாதிரி இருக்கு.'

'இது?'

'அதே பஸ். கம்பி வேற.'

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்றாவதற்கு அவர் தலையை மட்டும் ஆட்டினார். நான்காவது கலிலேயாவிலிருந்து வந்த சிவப்பு ஒயின். அதை வாயில் வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தார்.

'பெய்லா, இது நல்லாருக்கு. பிளம் பழ வாசனை வருது.'

'நிஜமாவா?'

'நிஜமாத்தான். இதையே வாங்கிடு.'

கட்டி என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவள் வாய்விட்டு அழுததில்லை. அன்று அழுதாள். அப்படியே கோட்டை மாட்டிக்கொண்டு போய் அதிலேயே மூன்று புட்டி வாங்கி வந்தாள்.

பஸ்கா விருந்துக்கு அவள் தம்பி மெனாஷே குடும்பத்தோடு வந்திருந்தான். எல்லார் கிண்ணமும் நிறைந்தது. கெர்ஷோன் எழுந்து நின்று கரகரத்த குரலில் ஒயினுக்கான ஆசி சொன்னார். உட்கார்ந்து, அன்றைய வழக்கப்படி இடப்பக்கம் சாய்ந்து கிண்ணத்தைக் காலி செய்தார்.

'பிளம் பழம்! தெரியுதா மெனாஷே?' என்றார்.

மெனாஷே ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தான். 'அத்தான், இது கெட்டுப்போச்சு. நனைஞ்ச அட்டைப்பெட்டி மாதிரி நாறுது. கெட்ட ஒயினுக்கு ஆசி செல்லாது, இன்னொரு தடவை சொல்லணும்.' அவன் மனைவி மேஜைக்கடியில் அவன் காலை மிதித்தாள்.

பெய்லா தன் கிண்ணத்தை முகர்ந்தாள். நனைந்த அட்டைப்பெட்டியேதான்.

'கெர்ஷோன், உனக்குத் தெரியலையா?'

அவர் மேஜை விரிப்பைப் பார்த்தார். 'தெரியல.'

'அன்னிக்கு?'

'அன்னிக்கும்தான். நாலும் ஒண்ணுதான் எனக்கு. நீ அங்க நின்ன நிலையைப் பாத்து சொல்லிட்டேன்.'

'அப்ப நான் சமைச்சுப் போட்டதெல்லாம்? தினம் நல்லாருக்கு நல்லாருக்குன்னியே!'

அவர் காலிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

மெனாஷே அடுத்த புட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்தான். அது நன்றாகவே இருந்தது. கெர்ஷோன் மறுபடி எழுந்து ஆசி சொல்லிக் குடித்தார். எரிச்சலில் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. எப்படி இருக்கிறது என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. அந்த மேஜையில் அப்படி நடந்தது அதுவே முதல் தடவை.

எகிப்தை விட்டு வந்த கதையை வாசித்தார்கள். மெனாஷேயின் பிள்ளைகள் பாடினார்கள். இரண்டாம் கிண்ணத்தையும் அவர் கண்ணை மூடிக்கொண்டு மாத்திரை விழுங்குவதுபோல இறக்கினார். புளிப்பில்லா அப்பம் தொண்டையில் சிக்கிக்கொள்ள, தண்ணீர் விட்டு நனைத்துத் தின்றார்.

பெய்லா கோழி சூப் கொண்டுவந்து வைத்தாள். கெர்ஷோன் ஒரு கரண்டி வாயில் விட்டுக்கொண்டு, வழக்கம்போல ஏதோ சொல்ல நிமிர்ந்தார். அவள் கண்ணைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

அவள் குனிந்து தன் சூப்பைக் குடித்தாள். உப்பு சரியாக இருந்தது.