நாக்கு நுனியில் நின்ற தேதி

வேளாங்கண்ணிக்குக் காவி கட்டி நடக்கிறவரைக் கண்டால் எங்கள் பக்கத்தில் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவரும் ஒரு கும்பிடு போடுவார்கள். சவரிராஜ் அந்தக் கும்பிட்டுக்குள் போய்த்தான் ஒளிந்துகொண்டார். கோழைக்கும் காவி பொருந்தத்தான் செய்கிறது.

ஒளிந்தது பக்கத்து வயல்காரர் ரெத்தினத்துக்குப் பயந்து. மிராசுதார் இராஜாங்கத்தின் இரண்டு மா நிலத்தை அப்பா காலத்திலிருந்து குத்தகைக்கு உழுகிறவர் அவர். வாய்ப்பேச்சுக் குத்தகை; துண்டுச் சீட்டுக்கூடக் கிடையாது. குத்தகைக்காரன் பெயரைப் பதிய வேண்டும் என்று சர்க்கார் சட்டம் போட்டதும், "ரெத்தினமா? அவன் கூலிக்கு வந்து போற ஆளு" என்று ஒரே போடாகப் போட்டார் மிராசுதார். ரெத்தினம் தாலுகா ஆபீசில் மனுப் போட்டார். மிராசுதார் சொன்னது பொய் என்று சொல்ல, வரப்புக்கு இந்தப் பக்கம் இருபது வருஷம் நின்று பார்த்த சவரிராஜ் ஒருவர்தான் சாட்சி. ஆனால் சவரிராஜின் வயலுக்குத் தண்ணீர் வரும் வாய்க்கால் மிராசுதாரின் நிலத்துக்குள்தான் ஓடுகிறது.

மிராசுதாரின் காரியஸ்தர் கண்ணுசாமி மிரட்டவெல்லாம் இல்லை. அந்த வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டே சொன்னார்: "வர்ற வியாழக்கிழமை விசாரணையாம். ரெத்தினத்துக்கு நோட்டீசு முந்தின நாள்தான் போகும். ஆமா, இந்த வருஷம் மாதா கோயிலுக்கு நடக்கலையா நீங்க?"

சவரிராஜுக்குப் புரிந்தது. திங்கட்கிழமை விடிந்ததும் கிளம்பிவிட்டார்.

தெருமுனையில் ரெத்தினம் ஓடிவந்து ஒரு பிடி குறுவைக் கதிரை அவர் பையில் வைத்தார்.

"நம்ம வயல்ல முதல்ல பழுத்தது, அண்ணே. மாதா காலடியில வச்சிடுங்க. விசாரணைக்கு இன்னும் தேதி வரல. வந்தா நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, அது போதும்."

"மாதா பாத்துக்குவாங்க" என்று பழியை மாதா தலையில் கட்டிவிட்டு நடந்தார் சவரிராஜ்.

வேளாங்கண்ணியில் வியாழன் காலைப் பூசையில் சாமியார் தாவீதரசரின் சங்கீதம் ஒன்றை எடுத்துப் பேசினார். நாம் உட்காருவதும் எழுவதும் ஆண்டவருக்குத் தெரியும். கடலுக்கு அந்தக் கரைக்கு ஓடினாலும் அங்கேயும் அவர் இருப்பார். வார்த்தை நாக்குக்கு வருமுன்பே அது அவருக்குத் தெரியும். பக்கத்திலிருந்த நோயாளிப் பெண் ஒருத்தி ஆறுதலில் அழுதாள். சவரிராஜோ வாசலைத் திரும்பிப் பார்த்தார். வருமுன்பே தெரியுமென்றால், வரவிடாமல் அடக்கிய வார்த்தையும் தெரியும்தானே? மூன்று நாள் நடந்து, ஒளிய இடம் தேடி, நேரே அவர் வீட்டுக்குள்ளேயே அல்லவா வந்து உட்கார்ந்திருக்கிறார்!

பூசை முடியுமுன்பே எழுந்து ஓடினார். கதிர் பையிலேயே கிடந்தது. நாகப்பட்டினத்துக்கு ஒரு பஸ், மாயவரத்துக்கு ஒரு பஸ், நடுவில் ரயில்வே கேட்டில் அரை மணி. தாலுகா ஆபீசுக்கு வந்து சேர்ந்தபோது மணி மூன்று.

ரெத்தினம் வாசல் வேப்பமரத்தடியில் குந்தியிருந்தார். சாட்சி இல்லையென்று மனு தள்ளுபடியாகிவிட்டது. காவியும் கொப்புளம் வெடித்த காலுமாக வந்தவரைக் கண்டதும் எழுந்தார்.

"எனக்காகவா அண்ணே ஓடியாந்தீங்க? நேத்து சாயங்காலந்தான் நோட்டீசு வந்துச்சு. உங்களுக்கு ஆள்கூட அனுப்ப முடியல. தேதிய யாரு சொன்னா?"

உண்மையைச் சொல்லிவிடத்தான் வந்தார். சத்தியமாக அதற்குத்தான் வந்தார். வார்த்தை நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. அதற்குள் ரெத்தினத்தின் கண்கள் அகன்றன.

"மாதாவே சொல்லிட்டாங்களா?"

கையெடுத்துக் கும்பிட்டார் ரெத்தினம். சவரிராஜ் இல்லை என்று சொல்லவில்லை. பாவி மனுஷன், ஒரே ஒரு வார்த்தை.

அப்பீல் போகலாம் என்று யாரோ சொன்னார்கள். போனால் சாட்சி அன்றைக்கு ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். தேதி தெரிந்த கதை வெளியே வரும். அதற்கும் சவரிராஜ் வாயைத் திறக்கவில்லை.

இப்போது அந்த இரண்டு மாவில் ரெத்தினம் கூலிக்குத்தான் அறுக்கிறார். மிராசுதார் சொன்ன பொய் உண்மையாகிவிட்டது.

வருஷா வருஷம் சவரிராஜ் காவி கட்டும் அன்று ரெத்தினம் ஒரு குடம் மஞ்சள் தண்ணீரோடு வந்து நிற்பார். கொடுக்கக் கதிர் இல்லையே, குனிந்து காலைக் கழுவிவிடுவார். "எங்க அண்ணங்கிட்ட மாதா பேசுனாங்க" என்று சுற்றி நிற்கிறவர்களிடம் பெருமையாகச் சொல்வார். சவரிராஜ் காலை இழுத்துக்கொள்ளப் பார்ப்பார், ரெத்தினம் விடமாட்டார்.

ஆண்டவருக்கு எல்லாம் தெரியும். தெரிய வேண்டிய ரெத்தினத்துக்குத்தான் தெரியாது.