படத்தின் இடது ஓரத்தில் இருந்தவர்

வீட்டில் அவளுக்குப் பூனை என்று பெயர். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது என்பதால் அண்ணன் வைத்தது. அண்ணியும் வந்த கொஞ்ச நாளில் அப்படியே கூப்பிடத் தொடங்கிவிட்டாள். அண்ணனும் தங்கையும் சேர்ந்து ஒரு போட்டோ ஸ்டூடியோ நடத்தினார்கள். வெளி வேலைகளுக்கு அண்ணன் போவான். கடையில் உட்கார்ந்து பாஸ்போர்ட் படம் எடுப்பது, குழந்தைகளைச் சிரிக்கவைப்பது, கிழிந்த பழைய படங்களைச் சரிசெய்து தருவது எல்லாம் அவள் பாடு. மதியத்தில் ஆள் வராத நேரம் பார்த்துக் கதவைச் சாத்திவிட்டுத் தெருவில் படமெடுக்கப் போய்விடுவாள். உச்சி வெயில் படத்துக்கு ஆகாது என்பார்கள். அவளுக்குக் கிடைத்த நேரம் அதுதான்.

படமெடுப்பது என்றால் யார் கண்ணிலும் படாமல் எடுப்பது. நீளமான டெலி லென்ஸை மாட்டிக்கொண்டு, எதிர்ப்பக்கம் ஏதாவது தூணுக்குப் பின்னால் நின்று, தூரத்தில் இருக்கும் முகங்களைக் கிட்டே இழுத்து எடுப்பாள். யாராவது திரும்பி முறைத்தால் போதும், கேமராவைப் பைக்குள் போட்டுக்கொண்டு கடைக்கு ஓடி வந்துவிடுவாள்.

அந்த லென்ஸை அண்ணன் ஒரு பள்ளிக்கூட விளையாட்டு விழாவுக்கு எடுத்துக்கொண்டு போய்ப் படிக்கட்டில் நழுவவிட்டான். திரும்பி வந்தவன் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ரிப்பேருக்குக் கொடுத்துட்டேன். வர்ற வரைக்கும் இதை வச்சுக்கோ" என்று உள்ளங்கை அளவுள்ள ஒரு லென்ஸை மேஜைமேல் வைத்தான். "வைடு லென்ஸு. ஒரு முழுக் கட்டடத்தையே உள்ள போட்டுடலாம்."

"நான் எங்க கட்டடம் எடுக்கறேன்? ஆளுங்களைத்தானே எடுக்கறேன்."

"அப்ப கிட்டப் போய் எடு."

சொல்வது சுலபம். முதல் சில நாள் தூணுக்குப் பின்னாலேயே நின்று எடுத்துப் பார்த்தாள். படம் முழுக்க ரோடும் வானமும்தான் இருந்தன. ஆட்கள் அரிசியில் கிடக்கும் கல் மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிந்தார்கள். வேறு வழியில்லாமல் ரோட்டைத் தாண்டினாள்.

எதிர்ப்பக்கம், பூட்டிக் கிடந்த ஒரு பழைய வங்கிக் கட்டடத்தின் வாசலில் பெரிய மரம் ஒன்று இருந்தது. அதன் அடியில் குடை ரிப்பேர் செய்யும் ஒருவர் கடை போட்டிருந்தார். கடை என்றால் ஒரு சாக்கும், ஒரு பெட்டியும், கம்பி உடைந்த குடைகளும்தான். அவள் தயங்கித் தயங்கி நிற்பதைப் பார்த்துவிட்டு அவரே கூப்பிட்டார்.

"வெயில்ல நின்னுக்கிட்டு என்ன யோசனை? எடுக்கறதா இருந்தா நிழலுக்கு வந்து எடும்மா."

அதிலிருந்து தினமும் அங்கேதான் போனாள். கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் நின்று எடுக்கப் பழகிக்கொண்டாள். கொஞ்ச நாளில் அந்த லென்ஸின் கள்ளத்தனமும் பிடிபட்டது. கேமராவைக் குடைக்காரர் பக்கம் திருப்பி வைத்திருந்தாலும், இரண்டு பக்கமும் இருக்கிற அத்தனையையும் அது அள்ளிக்கொண்டு வந்துவிடும். ஓரத்தில் இருப்பவர்கள் தாங்கள் படத்தில் இல்லை என்று நினைத்துக்கொண்டு மூக்கை நோண்டுவார்கள், கொட்டாவி விடுவார்கள், தங்கள் பாட்டுக்கு இருப்பார்கள். கேமரா பக்கத்தில் இருப்பதையே மறந்துவிட்ட அந்த முகங்கள் அவளுக்கு மிகவும் பிடித்துப்போயின.

ஒரு நாள் நல்ல காற்று. தைத்து முடித்து விரித்து வைத்திருந்த குடை ஒன்று எழும்பிப் பறந்தது. குடைக்காரர் ஊசியை வாயில் கவ்விக்கொண்டு அதைப் பிடிக்கத் தாவினார். பக்கத்தில் காத்திருந்த பெண் கைகொட்டிச் சிரித்தாள். பூனை பட்டனை அழுத்தினாள். தாவின மனிதர், குடை, சிரிப்பு, மரம், வாசல் படிகள், தெரு எல்லாம் ஒரே படத்தில் வந்து விழுந்திருந்தன. அவள் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். ஒரு செய்தித்தாளின் ஞாயிறு இணைப்புக்கு அனுப்பினாள். அரைப் பக்கத்துக்குப் பெரிதாகப் போட்டார்கள். குடைக்காரருக்கு ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுத்தபோது, "என் தொப்பையை மட்டும் கொஞ்சம் மறைச்சிருக்கலாம்" என்றார். ஆனாலும் வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார்.

மறுநாள் இணைப்பின் பொறுப்பாசிரியை போன் செய்தாள்.

"உன் படத்தைப் பத்தி ஒருத்தர் விசாரிச்சாரு. இடது ஓரத்துல உட்கார்ந்திருக்கறது அவராம். குரலே ஒரு மாதிரி கம்மியிருந்துச்சு. ஸ்டூடியோ எங்கேன்னு கேட்டாரு, சொல்லிட்டேன். நாளைக்கு நேர்ல வர்றாராம்."

பூனை போனை வைத்தாள். கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்து இடது ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். வங்கியின் வாசல் படியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, பளபளவென்று ஷூ, பக்கத்தில் ஆபீஸ் பை. மடியில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மற்ற நாட்களில் எடுத்ததையும் ஒவ்வொன்றாகத் திறந்தாள். அவற்றிலும் அவர் இருந்தார். அதே படி, அதே பை. ஒன்றில் பேப்பரில் வேலை விளம்பரங்களைப் பேனாவால் வட்டமிட்டுக்கொண்டிருந்தார். இன்னொன்றில் முழங்காலில் கையூன்றி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றில் நேராக அவளையே பார்த்து லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

எந்த ஆபீஸும் இல்லாத மனிதர் ஆபீஸுக்குக் கிளம்பி வந்து உட்கார்ந்திருக்கிறார் என்பது புரிய அவளுக்கு வெகுநேரம் ஆகவில்லை. அந்த ரகசியத்தைத்தான் அரைப் பக்கத்துக்குப் பெரிதாக்கி ஊருக்கே காட்டியிருக்கிறோம் என்று நினைத்தாள்.

உடனே பொறுப்பாசிரியைக்குப் போன் செய்தாள்.

"அச்சானது அச்சானதுதான். இணையத்துல இருக்கறதை வேணா எடுத்துடலாம்" என்றாள் அவள்.

"எடுத்துடுங்க."

"நல்ல படம்மா அது. நிறையப் பேர் பாராட்டி எழுதியிருக்காங்க."

"பரவாயில்லை, எடுத்துடுங்க."

அண்ணன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நாளைக்கு நான் வேணா கடையில இருக்கட்டா?" என்றான்.

"வேண்டாம். நீ பேசினா சின்னது பெருசாயிடும். நான் பண்ணினது, நானே பேசிக்கறேன்."

மறுநாள் காலை அவர் வந்தார். தனியாக வரவில்லை, கூடவே அவர் மனைவியும் வந்திருந்தாள். அவர் கதவுக்கு வெளியிலேயே தயங்கி நிற்க, அந்த அம்மாள் நேராக உள்ளே வந்து, "குடைப் படம் எடுத்தது நீங்கதானா?" என்று கேட்டாள்.

"நான்தான்." பூனை எழுந்து நின்றாள். "உங்க வீட்டுக்காரர் அதுல வர்றது எனக்குத் தெரியாதுங்க. ஓரத்தை நான் சரியாப் பார்க்கலை. இணையத்துலேர்ந்து நேத்தே எடுக்கச் சொல்லிட்டேன். தப்பு என்மேலதான்."

"அடடா, எதுக்கு எடுக்கச் சொன்னீங்க? என் தம்பிக்கு அனுப்பிவைக்கலாம்னு இருந்தேனே" என்றாள் அந்த அம்மாள்.

பூனைக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்த அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நீங்களும் உள்ள வாங்க, என்ன வாசல்லயே நிக்கறீங்க" என்று கணவரைக் கூப்பிட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தாள்.

"காலைல கிளம்பறதும் சாயங்காலம் வர்றதும் எதுவும் மாறலைம்மா. ஆனா ஆள் மாறிட்டாரு. போன் அடிச்சா மொட்டை மாடிக்குப் போயிடுவாரு. சிரிப்பு இல்லை, சண்டைகூட இல்லை. ஒண்ணு வேற எவளோ இருக்கா, இல்லைன்னா பெரிய வியாதி எதையோ மறைக்கறாருன்னு நெனச்சேன். தினமும் சட்டைப் பையைத் தேடுவேன். மருந்துச் சீட்டும் கிடைக்கலை, நீள முடியும் கிடைக்கலை."

அவர் சுவரில் மாட்டியிருந்த குழந்தைப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை பேப்பரைப் பிரிச்சா, ஓரத்துல என் டிபன் பாக்ஸு. மூடியில நசுங்கல்கூட அப்படியே தெரியுது. அப்புறம்தான் மூஞ்சியைப் பார்த்தேன். மூஞ்சி என்னமோ பூசணிக்காய் மாதிரி இழுத்துக்கிட்டு இருந்துச்சு."

"ஓரத்துல இருக்கறவங்களை அந்த லென்ஸ் அப்படி இழுத்துடும்" என்றாள் பூனை, அதற்கும் தானே பொறுப்பு என்பதுபோல.

"இழுக்கட்டும். எனக்கு உசிரே திரும்பி வந்துச்சு. வேலைதானே போச்சு? ஆள் நல்லாத்தானே இருக்காரு?"

இப்போது அவர் திரும்பினார். மெல்லிய குரலில் பேசினார்.

"கம்பெனியை மூடிட்டாங்க மேடம். அன்னைக்கே சொல்லியிருக்கணும். வேற வேலை கிடைச்சதும் ரெண்டையும் சேர்த்துச் சொல்லிக்கலாம்னு தள்ளிப்போட்டேன். கிடைக்கவே இல்லை. கடைசியா கைக்கு வந்ததை வச்சு சம்பளம் மாதிரி கொடுத்துக்கிட்டிருந்தேன். தள்ளத் தள்ள சொல்றதுக்கு வாயே வரலை. ஞாயித்துக்கிழமை இவ பேப்பரை என் முன்னாடி வச்சா. வீடு ரெண்டாகப் போகுதுன்னு உட்கார்ந்திருந்தேன். 'அங்க நிழலாவது இருக்கா?'ன்னு கேட்டா. வேற ஒண்ணுமே கேக்கலை."

"அப்புறம் நிறையக் கேட்டேன்" என்றாள் மனைவி.

"அப்புறம் கேட்டா" என்று அவரும் ஒத்துக்கொண்டார். "ஆனா அன்னைக்குத்தான் மேடம் நான் நல்லாத் தூங்கினேன். உங்களுக்கு நன்றி சொல்லலாம்னுதான் பத்திரிகைக்குப் போன் பண்ணேன். பேச வந்தா தொண்டை அடைச்சிடுச்சு."

பூனை மெதுவாக உட்கார்ந்தாள். நேற்றிலிருந்து தோள்பட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறோம் என்பதே அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சிரிப்பு வந்தது. கண்ணிலும் கொஞ்சம் நீர் வந்தது.

"ஒரு பாஸ்போர்ட் சைஸ் படமும் எடுக்கணும்" என்றாள் அந்த அம்மாள். "என் தம்பிக்குத் தெரிஞ்ச ஒரு இடத்துல நாளைக்கு வரச் சொல்லியிருக்காங்க. இவர் ஒருத்தரா தேடினா எப்படிக் கிடைக்கும்? இப்ப நானும் தேடறேன்."

"இவ தேடினா ஊரே தேடின மாதிரி" என்றார் அவர்.

பூனை அவரைத் திரைக்கு முன்னால் ஸ்டூலில் உட்காரவைத்தாள். மனைவி கைப்பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை வாரிவிட்டாள், காலரைத் திருப்பிவிட்டாள், தள்ளி நின்று பார்த்துவிட்டு மறுபடியும் வாரிவிட்டாள். முதல் படத்தில் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்ததிலும் அதே கதைதான்.

"வாசல் படியில மட்டும் நல்லா முழிச்சிருக்கத் தெரிஞ்சுதில்ல" என்றாள் மனைவி.

அவர் சிரித்துவிட்டார். அதுதான் நன்றாக வந்தது. பல் தெரிந்ததால் விண்ணப்பத்துக்கு ஆகாது என்று, கண் திறந்து வாய் மூடியிருக்கும்படி இன்னொன்றும் எடுத்தாள். பூனை அதையும் அச்சிட்டு, பாஸ்போர்ட் படங்களோடு கவரில் வைத்து, குடைப் படத்தின் பெரிய பிரதி ஒன்றையும் கொடுத்தாள். அந்த அம்மாள் கவரைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அவரை முன்னே விட்டுப் பின்னால் படியிறங்கினாள். தெருமுனை வரைக்கும் அவள் ஏதோ சொல்லிக்கொண்டே போவதும் அவர் தலையாட்டிக்கொண்டே போவதும் கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்தது.

அவர்கள் மறைவதற்குள் அண்ணனிடமிருந்து போன் வந்துவிட்டது.

"என்ன ஆச்சு? கத்தினாரா?"

"இல்லைண்ணா" என்றாள். "பாஸ்போர்ட் படத்துக்குக் கண்ணைத் திறக்கவைக்கறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு."