கிளிப்புக்கு அடியில் மூன்று புள்ளி

கலியமூர்த்தியின் கோபத்தை அன்று சிதம்பரம் பஸ்ஸே தாங்கவில்லை. ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் என்ஜினைவிட அவர் தலை அதிகமாகக் கொதித்தது.

எல்லாம் சட்டைப் பையில் இருந்த ஜப்பான் லெட் பென்சிலால் வந்தது. இப்போது அந்த மாடல் வருவதில்லை. சேகரிப்பவர்கள் சொத்தை எழுதி வைத்துவிட்டு வாங்குவார்கள். கடலூரில் ஒரே அலுவலகத்தில் கட்டடப் படம் வரைந்தபோது அவரும் லூர்துசாமியும் ஆளுக்கு ஒன்று வாங்கினார்கள். மாறிவிடாமல் இருக்க, சலவைக் குறி மாதிரி, கிளிப்புக்கு அடியில் ஊசியால் குறி போட்டார்கள். இவருக்கு மூன்று புள்ளி, அவருக்கு இரண்டு கோடு. ஒருநாள் ஒரு பென்சில் காணாமல் போனது. மிஞ்சியதில் குறி தேய்ந்து, அழுக்கேறிக் கிடந்தது. தன்னுடையதுதான் என்று கலியமூர்த்தி எடுத்துக்கொண்டார். இருபத்திரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பண்ருட்டியில், அதே அலுவலகத்துப் பழைய சகா தங்கராசு வீட்டுக் கல்யாணப் பந்தியில், மூவாயிரம் பேர் காதில் விழும்படி (வந்தது முந்நூறு பேர்) லூர்துசாமி கேட்டுவிட்டார்: "திருட்டு பென்சில் பத்திரமா இருக்குதா?" கலியமூர்த்தி வாயில் பாயசம் வேப்பெண்ணெய் ஆயிற்று.

சிதம்பரம் கீழவீதி ராஜாமணி, பென்சில்களில் மங்கிய எழுத்தை மீட்பதில் கில்லாடி. அவரிடம் கலியமூர்த்தி சொன்னது ஒன்றுதான். "மூணு புள்ளியும் பளிச்சுனு தெரியணும். அவன் மூஞ்சிக்கு நேரா காட்டணும்."

ராஜாமணி கிளிப்பைக் கழற்றி, லென்ஸ் வழியே பார்த்தபடி ஊசியாலும் பழைய பல் பிரஷ்ஷாலும் பள்ளங்களைச் சுரண்டினார். வெள்ளை பெயின்ட்டைத் தடவி, துணி சுற்றிய அட்டையால் ஒரு இழுப்பு. மேலே இருந்தது துடைபட, பள்ளத்தில் இருந்தது தங்கியது. கம்பெனி பெயர் வந்தது. 0.5 வந்தது. கடைசியாகக் குறி வந்தது.

இரண்டு கோடு.

கலியமூர்த்தி பெயின்ட்டைத் திட்டினார், லென்ஸைத் திட்டினார், ஜப்பானையே திட்டினார். ராஜாமணி குரலைத் தாழ்த்தினார். "அழிச்சிடட்டுமா சார்? ஒரு தேய்ப்புதான், யாருக்கும் தெரியாது."

"என்னைப் பாத்தா எப்படிய்யா தெரியுது ஒனக்கு?"

பென்சிலைப் பிடுங்கிக்கொண்டு வந்த வேகத்தில் கடலூர் பத்து மைல் கிட்டே வந்துவிட்டது. நேரே லூர்துசாமி வீட்டுக் கதவைத் தட்டி, அவர் உள்ளங்கையில் பென்சிலை அழுத்தினார்.

"இந்தா, ஒன்னுது. தப்பு என் மேலதான். ஆனா பந்தியில அப்படிக் கேட்டது ஒன் தப்பு."

லூர்துசாமி இரண்டு கோட்டையும் விரலால் தடவினார். அவர் முகம் சிவந்தது. இருபத்திரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்த வசவெல்லாம் நாக்கு நுனிக்கு வந்தது. ஆனால் வாயைத் திறந்ததும் வந்தது ஒரு கேள்விதான்.

"அப்ப காணாமப் போனது ஒன்னுதா? அதை எவன் எடுத்தான்?"

இத்தனை வருஷத்தில் கலியமூர்த்திக்குத் தோன்றாத கேள்வி. இருவரும் பழைய செக்‌ஷனை மேசை மேசையாக மனதில் துழாவினார்கள். நாம் எல்லாரும் டீக்குப் போகும்போது எழுந்திருக்காத ஆள் ஒருத்தன்தானே என்றார் லூர்துசாமி.

"தங்கராசு," என்றார் கலியமூர்த்தி. காது வரை சூடேறியது. "அவன் வூட்டுக் கல்யாணத்துலதானடா ரெண்டு பேரும் கை நனைச்சோம்."

லூர்துசாமி செருப்பை மாட்டினார்.

"பண்ருட்டி பஸ் இருக்கும். வாடா."