பச்சைப் பலகையும் பக்கத்து முக்காலியும்

மாலை ஆறு மணி ஆனால் போதும், கொசுக்காரி தெருமுனை விளக்குக் கம்பத்தடியில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிடுவாள். மற்ற எல்லோரும் கொசுவுக்குப் பயந்து காலை மூடிக்கொள்ளும் நேரத்தில், வா ராசா வா என்று காலைக் காட்டி உட்காருவதற்கே சம்பளம் வாங்குகிறவள் அவள். காலில் வந்து உட்காரும் கொசு கடிப்பதற்குள் அதைக் கண்ணாடிக் குழாயால் உறிஞ்சிப் பிடித்து, வலை கட்டிய காகிதக் கோப்பைக்குள் ஊதிவிட வேண்டும். ஐம்பது நிமிடம் பிடிப்பு, பத்து நிமிடம் ஓய்வு, மறுபடி ஐம்பது நிமிடம் பிடிப்பு. அவள் எழுதிக் கொடுக்கும் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் சுகாதார அலுவலகம் தெருமுனைப் பலகைக்கு வண்ணம் மாற்றும். பச்சை என்றால் பயமில்லை. சிவப்பு என்றால் பிள்ளைகளை வீட்டுக்குள் வையுங்கள், மருந்து வண்டி வருகிறது என்று அர்த்தம்.

அவள் வீட்டுக்காரர் ரொட்டிக்கடையில் அடுப்பு வேலை பார்ப்பவர். இரவு எட்டு மணிக்குப் போனால் விடிந்துதான் வருவார். அவர் வந்து படுக்கும்போது இவள் கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு ஆய்வகத்துக்கு ஓடுவாள். கல்யாணமாகி எட்டு மாதம். பேச்சுவார்த்தை முழுக்கக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டிய சீட்டிலேயே நடந்தது. "குழம்பு மேல் தட்டில்." "சாப்பிட்டேன், உப்பு இல்லை." "நேரில் சொல்லுங்கள், பார்க்கலாம்." ஒருநாள் பொறுக்கமாட்டாமல் அவர் இன்னொரு முக்காலியோடு தெருமுனைக்கே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து அந்த இரண்டு மணி நேரம்தான் அவர்களுடைய குடித்தனம்.

அவர் வாய் ஓயாமல் பேசுவார், இவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். எண்ணிக்கையும் அதோடு சேர்ந்து சரிந்தது. நாற்பதில் இருந்தது நாலுக்கு வந்தது. பலகை மூன்று வாரமாகப் பச்சை. மேற்பார்வையாளர் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று அலுவலகத்தில் கைதட்டச் சொல்லி, மருந்து வண்டியை வேறு தெருவுக்கு அனுப்பிவிட்டார்.

இருபத்தோராம் நாள் வீட்டுக்காரர் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கப் போய்விட்டார். அவள் தனியாக உட்கார்ந்தாள். அன்றைக்குக் கோப்பையில் நாற்பத்தேழு. கண்ணை நம்பாமல் மறுபடியும் எண்ணினாள். அதே நாற்பத்தேழு.

அந்த நேரம் பார்த்துத் தெருக்கோடிக் குழந்தைகள் காப்பகத்து அக்கா வந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை, அதன் கையெல்லாம் தடிப்புத் தடிப்பாக வீங்கியிருந்தது.

"பச்சைன்னு போட்டிருக்கீங்களேன்னு நம்பித்தான் பிள்ளைங்கள வெளியே விளையாட விட்டேன். இதைப் பாரும்மா. யாருக்காவது காய்ச்சல் வந்தா நான் என்ன பதில் சொல்லுவேன்?"

கொசுக்காரி கையிலிருந்த கோப்பையைக் குனிந்து பார்த்தாள்.

மறுநாள் வீங்கிய கன்னத்தோடு அவர் வந்து உட்கார்ந்தார். இவள் காலில் அரை மணி நேரத்தில் ஒரே ஒரு கொசு. அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டும் அவர் பேச்சை விடவில்லை, இன்னொரு கையால் தொடையில் பட் பட்டென்று அடித்துக்கொண்டிருந்தார். பேச்சு சுவாரசியத்தில் தாளம் போடுகிறார் என்றே மூன்று வாரமாக நினைத்திருந்தாள். டார்ச்சை அடித்துப் பார்த்தால் அவர் காலில் கொசு மொய்த்துக் கிடந்தது. தெருக் கொசு முழுவதும் இவளை விட்டுவிட்டு அடுப்புச் சூடு ஏறிய அந்தப் பெரிய உடம்பிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"ஏங்க, இத்தனை கடிக்குதே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா வர வேணாம்னுடுவே."

அவளுக்குக் கோபமாகவும் வந்தது, அழுகையாகவும் வந்தது. அவரைப் பேசாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நாளையிலிருந்து சரியாக எழுதினால் யாருக்கும் தெரியாது. ஆனால் நேற்றைய நாற்பத்தேழையே அலுவலகம் நம்பவில்லை, இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்று மருந்து வண்டியை நிறுத்திவைத்திருந்தது. அந்தக் குழந்தையின் கை கண்ணிலேயே நின்றது. உண்மையைச் சொன்னாலோ வேலைக்கு உத்தரவாதமில்லை. வேலை நிலைத்தாலும் இந்த இரண்டு மணி நேரம் போய்விடும். மறுபடி குளிர்பதனப் பெட்டிக் கதவுதான்.

காலையில் இருவருமாகப் போய் மேற்பார்வையாளர் அம்மா முன்னால் நின்றார்கள். அவள் ஒன்றையும் மறைக்கவில்லை.

"முப்பதடிக்குள்ள வேற ஆள் இருக்கக் கூடாதுன்னு பயிற்சியிலேயே சொன்னோமா இல்லையா?" அம்மாவின் குரல் அறையையே அதட்டியது. "பக்கத்துல ஆளை வெச்சிக்கிட்டு எண்ணுனா அது என்ன கணக்கு? நான் வேற கைதட்டச் சொல்லிட்டேன்!"

எச்சரிக்கைக் கடிதம் அடித்தாகிவிட்டது. பலகையைச் சிவப்பாக்கச் சொல்லியாகிவிட்டது. மருந்து வண்டிக்கும் தொலைபேசி போய்விட்டது. அப்புறம்தான் அம்மாவின் பார்வை வீட்டுக்காரரின் காலில் விழுந்தது. எழுந்து வந்து குனிந்து பார்த்தார்.

"இவ்வளவும் இவர் கால்லயா?"

"ஆமாங்க மேடம்."

"தெருவோட அந்தக் கோடிக்கு ரெண்டு வருஷமா ஆள் தேடிக்கிட்டிருக்கேன். பகல்ல பயிற்சிக்கு வருவாரா?"

"தூக்கம்தானே, அதைப் பார்த்துக்கலாம் மேடம்," என்றார் அவர்.

இப்போது தெருவின் இரண்டு கோடியிலும் இரண்டு முக்காலி. நடுவில் நூற்றிருபது அடி. காப்பகத்துப் பிள்ளைகள் கதவுக்குள்ளே விளையாடுகிறார்கள். மருந்து வண்டி வந்துபோனதில் எண்ணிக்கை நாளுக்கு நாள் இறங்குகிறது.

"எனக்கு இருபத்தொண்ணு!" என்று இவள் கத்துவாள்.

"எனக்கு அறுபது!" என்று அங்கிருந்து பெருமையாகப் பதில் வரும்.

ஆறு ஐம்பதுக்கு இருவரும் குழாயைக் கீழே வைத்துவிட்டு, முழங்கால்வரை சுருட்டிய பேண்ட்டோடு நடுத்தெருவுக்கு வேகவேகமாக நடப்பார்கள். காப்பகத்து அக்கா ஜன்னலில் இருந்து, "மெதுவா, மெதுவா, விழுந்துடாதீங்க!" என்று கேலி செய்வாள். பத்து நிமிடம் ஓய்வு. அந்தப் பத்து நிமிடத்தில் கொசுவைப் பற்றி ஒரு பேச்சு கிடையாது.

"இன்னும் எத்தனை நிமிஷம் இருக்கு?" என்றார் அவர் நேற்று.

கொசுக்காரி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு நிமிடம் இருந்தது.

"அஞ்சு," என்றாள்.