தோளில் ஒரு வெள்ளைக் கோடு

நாற்பத்திரண்டாயிரத்து அறுநூறு. அந்தக் கடன் அவன் தலைமேல் ஏறி உட்கார்ந்து மூன்று வருஷம். கொடுத்தவர் இரும்புக்கடை முதலாளி. அவர் ஸ்டுடியோவுக்குள் நுழைந்ததும் வட்டிக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தான். ஆனால் அவர் நீட்டியது ஒரு பென் டிரைவ். கடைக் கேமராவில் விழுந்த படம். எவனோ குனிந்து செப்புக் கம்பிச் சுருளைத் தூக்குகிறான். முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பலாய் ஒரு திட்டு.

"மூஞ்சிய மட்டும் தெளிவாக்கிக் குடு தம்பி. உன் கணக்க இன்னையோட கிழிச்சுப் போட்டுடறேன்" என்றவர், நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் தோளோடு தோளாக உட்கார்ந்துகொண்டார்.

அவனும் அதே கடையில் சுமை தூக்கியவன்தான். இடுப்பு விட்டுப்போன பிறகுதான் எழுத்துக் கூட்டிப் படித்து, கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தான். மங்கல் படங்களைத் தெளிவாக்குவது இப்போது அவன் பிழைப்பு. படத்தில் இல்லாததை மென்பொருள் கொண்டுவராது. ஓரங்களில் கறுப்பை இன்னும் கறுப்பாக்கும், வெளுப்பை இன்னும் வெளுப்பாக்கும், அவ்வளவுதான். மிச்சத்தைப் பார்க்கிறவர் கண் பார்த்துக்கொள்ளும்.

பெரிதாக்கினான். முகம் வரவில்லை, சட்டைப்பைதான் வந்தது. நீலத்தின் ஓரத்தில் பச்சையாக ஒரு தீற்றல். மற்றவர்களுக்கு அது அழுக்கு. போன மாதம் நீல நூல் இல்லாமல் பச்சை நூலில் அந்தப் பையைத் தைத்துக் கொடுத்தவனுக்குத் தெரியாதா? வேலை போய், அக்கா வீடே கதியென்று இவன் வீட்டு முன்னறையில் படுத்துக் கிடக்கும் மச்சினனின் சட்டை அது.

"என்ன, தெரியுதா?"

"பாக்கறேன் முதலாளி."

கூர்மையைக் கூட்டும் குமிழைக் கடைசிவரை தள்ளினான். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் செய்யும் தப்பை வேண்டுமென்றே செய்தான். படம் மணலை வாரி இறைத்த மாதிரி பொரிந்தது. பச்சை சிதறிப் போனது. முகம் யாருடையதாகவும் இல்லை. தோள் விளிம்பில் மட்டும் தடித்த வெள்ளைக் கோடு ஒன்று எழும்பி, முதுகு புடைத்தாற்போல நின்றது. அப்பாடா என்று மூச்சு விடப் போனான்.

"இரு, இரு. கூனலப் பாரு. நம்ம ஒட்டகம்ல இது?"

நெட்டையாய், முதுகு வளைந்து நடக்கிற சுமைக்காரன். அந்தப் பெயரை வைத்ததே இவன்தான். இடுப்பு விட்ட அன்று இவனை ஆஸ்பத்திரி வரை சுமந்ததும் அந்த முதுகுதான்.

"அது கூனல் இல்ல முதலாளி. அதிகமா தள்ளினா ஓரம் இப்படித்தான் தடிக்கும்."

"அப்ப யாருங்கற?"

வாய் வரைக்கும் வந்த பெயர் திரும்பிப் போனது.

"தெரியல."

"உனக்குத் தெரியல. எனக்குத் தெரியுது. ஒரு பிரிண்ட் போடு."

சொன்ன சொல் தவறாதவர். கடன் சீட்டை நாலாகக் கிழித்துக் கீபோர்டின் மேல் போட்டுவிட்டு, படத்தை மடிக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் வீட்டில் மச்சினன் நீலச் சட்டையோடு வந்து நின்றான். "மச்சான், பை மறுபடி விட்டுப்போச்சு. கொஞ்சம் தைச்சுத் தாங்க."

பெட்டியில் பச்சை நூல்தான் மிச்சம் இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி ஊசியை வெளிச்சத்தில் பிடித்தான். நூல் நுனி, ஊசிக் காதைத் தவிர எல்லா இடத்திலும் பட்டது.